கடைசிப் பக்கத்து நீலக்கோடு

தையற்காரிக்கு ஆங்கிலம் படிக்கும் ஆசை வந்ததும் கணவரால் சும்மா இருக்க முடியவில்லை. "இந்த வயசுல எதுக்கு? மெஷின் என்ன இங்கிலீஷ்லயா ஓடுது?" என்றார். அவள் தைக்கும் அதே கடையில் துணி வெட்டுபவர் அவர். கத்தரியைவிட வாய்தான் வேகம்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஆங்கிலச் சிறுகதையை எடுத்து வைத்துக்கொண்டு, புரியாத சொல்லுக்கெல்லாம் அடியில் சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டாள். பொருள் பிடிபட்டதும், தைத்து முடித்த துணியில் செய்வதுபோல், கோட்டைத் தட்டிவிட்டாள்.

கதையில் ஒருத்தி, பேச்சுவார்த்தை அறுந்துபோன தங்கையின் வீட்டு வாசல்வரை போகிறாள். மணியை அடிக்காமல் திரும்புகிறாள். அவளுக்கு 'கோல்ட் ஃபீட்' வந்துவிட்டதாம். கடைசி நேரத்தில் தைரியம் போய்ப் பின்வாங்குவது என்று அகராதியைத் தொடாமலே தையற்காரிக்குப் புரிந்துவிட்டது. பெருமை தாங்காமல் கணவரிடம் சொன்னாள்.

கத்தரி நின்றது. "அப்புறம் உள்ள போனாளா?"

"வேணும்னா நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க."

சில நாள் கழித்து, முடிவு தெரியாமல் அவளுக்கே பொறுக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். வரிக்கு வரி நீலக்கோடு. வெட்டும் மேசையில் மட்டும் கிடக்கும் நீலச் சாக்பீஸ். பாதிக் கோடுகள் தட்டிவிடப்பட்டு மங்கலாகத் தெரிந்தன.

அவர் திரும்பி வந்ததும் கேட்டாள். "என்னங்க, அவ உள்ள போனாளா இல்லையா?"

அவர் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ."