பூசணி பிரெட்டும் இரண்டாவது பிரேக்கும்

அவருக்கு ஊர் வைத்த பெயர் 'மறுபடி வாங்க'. டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுக்கும் அதிகாரி. அதே வார்த்தையைத் துணிக்கடைக்காரர் சொன்னால் மரியாதை, இவர் சொன்னால் பெயில். பதினாறு வருஷ சர்வீஸில் குரலை உயர்த்தியதில்லை, ஒருவரையும் திட்டியதில்லை. காரை விட்டு இறங்குவார், தாளில் குறைகளை வரிசையாக எழுதுவார், கையெழுத்துப் போடுவார், "மறுபடி வாங்க" என்பார். சொந்த மச்சானையே நாலு தடவை வரச் சொல்லியிருக்கிறார். மச்சான் இப்போது சைக்கிளில் போகிறார். உடம்பு நன்றாக இருக்கிறது.

மனைவியும் அவரிடம் டெஸ்டுக்கு வந்தவர்தான். மூன்று முறை பெயில். நாலாவது முறை பாஸ் போட்டு, அதற்கும் அடுத்த நாள், ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு பெண் கேட்டுப் போனார். முன்பே கேட்டிருந்தால் அந்த லைசென்ஸ் செல்லாது என்பது அவர் கட்சி. "மூணு தடவை பெயில் பண்ணின ஆளைப் போய்க் கட்டிக்கிட்டேனே" என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் நர்ஸுகளிடம் மனைவி இன்றைக்கும் சொல்வதுண்டு.

டெஸ்ட் காரில் இரண்டு பிரேக். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்காரும் இவருக்கு ஒன்று. இவர் தன் பிரேக்கை ஒரு தடவை மிதித்தாலும் ஓட்டுகிறவர் பெயில். அதில் பேச்சே கிடையாது. பழக்கம் காலோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மனைவியின் காரில், இவர் உட்காரும் பக்கத்து மிதியடியில், இல்லாத பிரேக்குக்கு நேராக ஓட்டை விழுந்திருக்கிறது. கேட்டால் எலி என்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டார். "பெரியவ இப்பல்லாம் நோட்டை யார்கிட்ட காட்டுறா, கவனிச்சீங்களா?"

"உங்கிட்ட."

"உங்ககிட்ட கடைசியா எப்பக் காட்டினா?"

தேதி விஷயத்தில் அவர் கெட்டி. "பிப்ரவரி பன்னண்டு. சூரியக் குடும்பம் வரைஞ்சிருந்தா."

"என்ன சொன்னீங்க?"

"வியாழன் சனியை விடச் சின்னதா இருக்குன்னேன்."

"ஏழு மாசமாச்சு."

"வியாழன்தானே பெருசு?"

"கிரகம் எங்கயும் போயிடாதுங்க," என்று மனைவி சட்டைக் காலரைத் தட்டினார். "பத்து வயசுப் பிள்ளை போயிடும்."

 மூன்று நாள் அதையே யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு மூன்று மணி வரை டியூட்டி. அம்மா வருவதற்குள் பூசணி பிரெட் செய்து வைப்பதென்று பெரியவளும் ஐந்து வயசுச் சின்னவனும் முடிவு செய்திருந்தார்கள். மஞ்சள் பூசணியை அம்மா முதல் நாளே வெட்டி வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். செய்முறை பெரியவளின் நீல அட்டை நோட்டில் இருந்தது. அப்பா அடுப்படிக்குள் தலையை நீட்டினார்.

"நானும் இருக்கட்டுமா?"

பெரியவள் யோசித்தாள். "அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தொடக் கூடாது. சொல்லக் கூடாது. 'ம்ம்'னு இழுக்கவும் கூடாது."

"ஓவன்?"

"ஓவன் மட்டும் நீங்க. அது ஃபயர் சர்வீஸ். டெஸ்ட்ல சேராது."

"நான் மீறினா?"

"நான் பெயில். உங்க ரூல்தானே. அப்படியே நிறுத்திட்டு எல்லாத்தையும் எடுத்து வச்சிடுவேன்."

நியாயமாகப் பட்டது. உட்கார்ந்தார்.

சின்னவன் பூசணியை முள்கரண்டியால் மசித்தான், பிறகு கையால் மசித்தான். பெரியவள் முட்டையை உடைத்ததில் ஓட்டுத் துண்டு ஒன்று உள்ளே விழுந்தது, எடுத்துவிட்டாள். மைதாவைக் கப்பில் கோபுரமாக அள்ளினாள், மேலே வழித்துவிடவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். டின்னுக்கு எண்ணெய் தடவவில்லை. அவர் காலண்டரைப் பார்த்தார். சோடா மாவைச் சலிக்காமல் போட்டாள். காலண்டரில் பார்ப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

சர்க்கரையும் உப்பும் ஒரே மாதிரி டப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பெரியவள் கப்பை உப்பு டப்பாவில் விட்டாள். தலைதட்ட அள்ளினாள். பாத்திரத்துக்கு மேலே கொண்டு போனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்திருந்ததால் திறக்கவும் முடியாது.

தட்.

கப் அந்தரத்தில் நின்றது. "அப்பா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"கால்."

குனிந்து பார்த்தார். வலது கால், யாரோ ஒருவருடைய கால் மாதிரி, டைல்ஸை அழுத்திக்கொண்டிருந்தது.

பெரியவள் கப்பில் விரலை வைத்து நக்கிப் பார்த்தாள். உப்பைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள். ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். "பிரேக் போட்டுட்டீங்க. டெஸ்ட் முடிஞ்சுது. டேய், மூடியெல்லாம் எடுத்து வை."

"அப்ப பிரெட்டு?" என்றான் சின்னவன்.

"மறுபடி வாங்க," என்றாள் பெரியவள்.

குரல் உயரவில்லை. அச்சு அசல் அவர் சொல்வது போலவே இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை. காதால் வாங்கியது அன்றைக்குத்தான்.  

எழுந்து போய் ஆபீஸ் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"விதி பதினாலு. படிக்கிறேன், கேளு. 'அதிகாரி தம் பக்கத்துப் பிரேக்கை இயக்கி அதனால் வாகனம் நின்றால் தேர்வில் தோல்வி.' இங்க பிரேக் இருக்கா? குனிஞ்சு பாரு."

பெரியவள் முட்டி போட்டு ஸ்டூலுக்கு அடியில் பார்த்தாள். சின்னவனும் பார்த்தான். ஒரு வெங்காயத் தோல் இருந்தது.

"இல்ல."

"பெடலே இல்லாதப்ப நான் எங்க நிறுத்தினேன்? நிறுத்தினது நீ. ஆபத்து வர்றதைப் பாத்து தானா நிறுத்தினா அதுக்குத் தனி மார்க்கு."

"எத்தனை?"

"நாலு. பக்கம் இருபத்திரெண்டு."

பெரியவள் புத்தகத்தை வாங்கி, பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துப் படித்தாள். அப்பா சொல்வதை அப்படியே நம்பும் வழக்கம் அவளுக்கு இல்லை. அது யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். நாலுதான் போட்டிருந்தது. ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

"காலை மேல மடிச்சு வச்சுக்குங்க. அதைப் பாத்துச் செஞ்சா காப்பி அடிக்கிற மாதிரி."

ஒரு அடி அகல ஸ்டூலில், நாற்பத்து நாலு வயசில், அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓவனில் வைக்க ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை இறங்கினார். இரண்டு தடவையும் திரும்பப் போய் ஏறிக்கொண்டார். பிரெட் நல்ல நிறம். நடுவில் வெடித்திருந்தது. டின்னைக் கவிழ்த்தபோது மேல்பாதி தட்டுக்கு வந்தது, அடிப்பாதி வரவில்லை. கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள்.

மூன்றே காலுக்கு மனைவி பையோடு உள்ளே வந்து, புருஷன் இருந்த நிலையைப் பார்த்தார்.

"என்னங்க, எலியா?"

"டெஸ்டும்மா," என்றான் சின்னவன்.

பிரெட் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். நாக்கு நுனியில் ஐந்து குறைகள் வரிசை கட்டி நின்றன. வாய் சும்மா இருந்தால் வெளியே வந்துவிடும் என்று இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரியவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை எடுத்து, செய்முறையை வரிவரியாகப் படித்து, திரும்பி உட்கார்ந்து, ஏதோ எழுதினாள். எழுதியதை எடுத்துக்கொண்டு அம்மாவைத் தாண்டி வந்து அவரிடம் நீட்டினாள்.

"குறையெல்லாம் நானே எழுதிட்டேன். பாருங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மாவை வழித்து அளக்காதது, எண்ணெய் தடவாதது, சலிக்காதது, முட்டை ஓடு, உப்பு. ஐந்தும் சரி. கீழே ஆறாவதாக ஒன்று இருந்தது: 'தம்பி மூக்கில் விட்ட விரலைப் பூசணியில் விட்டான். அப்பா பார்க்கவில்லை.'

மெல்லுவது நின்றது. சின்னவன் கூரையைப் பார்த்தான். அவர் விழுங்கினார். பேனாவை எடுத்து அடியில் 'பாஸ்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார்.

"ஆறு குறை இருக்கேப்பா?"

"நான் அஞ்சுதான் பாத்தேன்."

"என்னை மட்டும் ரெண்டு குறைக்கு மூணு தடவை வரச் சொன்னீங்க," என்றார் மனைவி.

"அந்த வண்டியில பெடல் இருந்துச்சு."

மனைவி ஆறாவதைப் படித்துவிட்டுத் தன் துண்டைத் தட்டோடு தள்ளி வைத்தார். பெரியவள் நோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. அவர் மடியிலேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அவர் முந்தின பக்கத்தைத் திருப்பினார், அதற்கும் முந்தினதைத் திருப்பினார். சூரியக் குடும்பம், புதிதாக வரைந்தது. வியாழன் பக்கத்தை விட்டு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. கொஞ்சம் அதிகப்படிதான்.

 மடித்து வைத்திருந்த வலது காலில் கட்டைவிரல் மட்டும் ஒரு தடவை அசைந்தது.