பெயரை எடுத்துக்கொள்ள ஒரு கடைசி நாள்

மேல்வீட்டுப் பிரெஞ்சு மனுசி ஒருநாள் "பொன்ஜூர்" என்று கதவைத் தட்டிப் பெரிய கேக் துண்டொன்றை நீட்டினாள். மகளின் கலியாணம் நின்றுவிட்டதாம், கேக் வீணாகக்கூடாதாம். என் கணவர் செத்தவீட்டு முகத்தோடு தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அனுதாபம் சொன்னார். அவள் திடுக்கிட்டு, யார் செத்தது என்று கேட்டுச் சிரித்தாள். நாள் வைத்த கலியாணத்தை நிறுத்திவிட்டு இப்படிச் சிரிக்கலாமோ? பிரெஞ்சுக்காரர் நடுவே இந்தச் செயின்ட்-மிஷேல் பகுதியில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு விளங்கவில்லை. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் எங்களுக்கு இருந்திருந்தால் என் பிள்ளை தப்பியிருப்பான்.

மகன் அகிலன் அமெரிக்கக் கல்லூரியொன்றில் கூடைப்பந்து விளையாடினான். பத்தொன்பது வயதாகும் ஆண்டில் தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரரை எடுக்கும் தெரிவுக்குப் பெயர் கொடுக்கலாம் என்பது விதி. கொடுத்தான். அணிகள் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்க்கும். சரிவராது என்றால் குறித்த நாளுக்குள் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்லூரி அணிக்கே திரும்பலாம். நாள் தாண்டினால் அந்தக் கதவும் அடைபட்டுவிடும். இவரோ பெயர் கொடுத்ததையே தெரிவானதுபோலச் சொல்லித் திரிந்தார். கோயிலில் அர்ச்சனை, தெரிவு நடக்கும் நாளுக்கு மண்டபத்தில் விருந்து.

கடைசி நாளுக்கு முதல்நாள் அகிலன் போன் எடுத்தான்.

"அம்மா, என்ரை ஆட்டம் இன்னும் காணாதாம், பழகவேணுமாம். பேரை எடுக்கப்போறன். எல்லாரும் செய்யிறதுதான்."

இவர் போனைப் பறித்தார். "விசர்க்கதை கதையாதை! நாள் வைச்ச கலியாணத்தை நிப்பாட்டுறதே? சனத்தின்ர முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"அப்பா, இது கலியாணமில்லை."

"பிள்ளை சொல்றதைக் கேளுங்கோவன்," என்றேன்.

"நீ சும்மா இரு."

"ஓம் அப்பா, பேரை எடுக்கேல்லை," என்றான் அகிலன். தகப்பனைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று நான்தானே அவனை வளர்த்தேன்.

மண்டபம் நிறையச் சனம். பெரிய திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அகிலனின் பெயர் வரவில்லை. "அடுத்தமுறை பாப்பம்," என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் எழும்பிப் போனார்கள். அடுத்தமுறை எங்கே இருக்கிறது? கல்லூரி அணியில் அவனுக்கு இனி இடமில்லை, உதவித்தொகையும் போயிற்று. என்ன கோதாரி மானமோ! என் பிள்ளையை விழுங்கிவிட்டது.

இப்போது எங்களோடு வீட்டில் இருந்துகொண்டு துறைமுகத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி இறக்குகிறான். தகப்பனை ஒரு சொல் குறைசொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் இவரின் அண்ணருக்கு நாங்கள் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. ஞாயிறுகளில் அவர் வீடியோவில் அழைப்பார். மணி அடித்ததும் அகிலன் யாரும் சொல்லாமலே சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விடுவான்.

"பெடியன் அமெரிக்காவிலை சுகமாய் இருக்கிறானோ?"

"ஓம் அண்ணை, நல்ல சுகம்."

அழைப்பு முடியும்வரை என் பிள்ளை குசினிச் சுவரோடு நின்றபடி, சத்தம் கேட்காமல் சாப்பிடுகிறான்.