எலுமிச்சம்பழத்துக்குள் என் பெருவிரல்

எங்கள் பேட்டைப் பக்கம் பீடி சுற்றும் பெண்களில் கறை இல்லாத கை யாருக்கு இருக்கிறது? அதனால், என் வலது பெருவிரல் நகத்தில் நெடுக ஒரு கறுப்புக் கோடு விழுந்தபோது புகையிலைக் கறை என்றே நினைத்தேன். தேய்த்தும் போகவில்லை. பெருநாளுக்கு மருதாணி வைத்து மறைத்தேன். மருதாணி நகத்தோடு வளர்ந்து நுனிக்குப் போய்விட்டது. கோடு மட்டும் அங்கேயே நின்று அகலமானது.

பிறகு நகம் பிளந்து, செத்த மீன் வாடையோடு நீர் கசிந்தது. அடுத்த வீட்டு மதினி நகச்சுத்தி என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து மஞ்சள் தடவி விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டாள். காலையில் கழற்றினால் பழம் கொழகொழத்து, இரத்தமும் சீழும் நார்நாராக ஒட்டிக்கொண்டு வரும். ஈ மொய்க்கும். அந்தக் கையால்தான் சோறு பிசைந்து தின்றேன்.

மருமகள் என் தட்டைத் தனியாகக் கழுவ ஆரம்பித்தாள். ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னாள்: "மாமி, நகச்சுத்தின்னா வலி உயிர் போவும். நீங்க வலியே இல்லங்கிய. இது வேற என்னமோ. நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போவோம்."

அங்கே முந்தானைக்குள்ளிருந்து கையைப் பைய எடுத்தேன். டாக்டரம்மா நகத்தை விட அதன் அடித்தோலைத்தான் உற்றுப் பார்த்தார். கறுப்பு அங்கேயும் இறங்கியிருந்தது. புகையிலைக் கறை என்றேன், மருதாணிக் கதையையும் சொன்னேன்.

"கறைன்னா அதுவும் மருதாணி மாதிரி நுனிக்குப் போயிருக்கும்லா? இது வேர்லயிருந்து வருதும்மா."

துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. நெறிகட்டிப் பரவியிருக்கிறதா என்று அக்குளில் கைவிட்டுப் பார்த்தபோது கூசிச் செத்தேன். பரவவில்லை. ஆனால் விரலைக் கணுவோடு எடுக்க வேண்டும் என்றார். பெருவிரல் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவேன் என்று கேட்டேன்.

"விரல வச்சுக்கிட்டா சாப்பிட நீங்க இருக்க மாட்டீங்க."

எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது தோலுரித்த கோழிக்கழுத்து மாதிரி இருக்கிறது. எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. கரண்டியால் தின்றால் வாயெல்லாம் இரும்பு. கையால் அள்ளினால், தள்ளிவிட விரல் இல்லாமல் பாதிச் சோறு மோவாயில் வழிகிறது. பார்க்கிறவர்களுக்கும் அருவருப்பாகத்தான் இருக்கும்.

இருந்தாலும் தின்கிறேன். மருமகள் என் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்தே கழுவுகிறாள். எலுமிச்சம்பழம் மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.