கை படாத காசு

எங்கள் நாணய ஆலையில் என் அத்தானுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. அக்கா வீட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடப் பரிசோதகர் வேலையில் அவர் தள்ளிய காசில் நல்லது ஒன்றில்லை, விட்டதில் கெட்டது ஒன்றில்லை. அக்காவை முதன்முதலில் பார்த்தபோதும் முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்திருப்பார் என்று கேலி செய்வோம்.

அவர் செய்த ஒரே தப்பு, செம்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறிய வருடம் நடந்தது. செம்பு விலை ஏறி, காசை உருக்கி விற்றால் லாபம் என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அரசாங்கம் அவசர அவசரமாக அதே அளவில் அலுமினியக் காசு அடிக்கச் சொன்னது. முதல் நாள் காலை, தொட்டி மூலையில் ஒட்டிக் கிடந்த மூன்று செம்பு வில்லைகள், அதாவது முத்திரை விழாத வெறும் வட்டங்கள், புது அச்சுக்குள் போய்விட்டன. அவற்றில் இரண்டு, பக்கத்து மேசைப் பரிசோதகர் கண்ணில் படாமல் ஊருக்குள் போயின. மூன்றாவது அத்தானிடம் சிக்கியது. வெட்டிக் கழிவில் போடவேண்டியதைப் பஞ்சில் சுற்றி, பூதக்கண்ணாடி உறைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆலை வாசலில் சட்டைப்பை வரை தடவுவார்கள், அந்த உறையை மட்டும் யாரும் திறந்ததில்லை.

அன்று கழிவை எடை போட்டவன் நான்.

"அத்தான், ஒரு வில்லை குறையுதே."

"சரியா இருக்குன்னு எழுதிடு."

எழுதினேன். அக்கா முகத்தை நினைத்து எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குக் காசு ஆசை கிடையாது. "அவ்வளவு சுத்தமா அச்சு விழுந்து நான் பார்த்ததே இல்லடா. வெட்ட மனசு வரல" என்று பிறகு ஒருநாள் சொன்னார். பஞ்சு மாற்றுவதற்குக்கூட ஓரத்தை மட்டும்தான் பிடிப்பாராம். பைத்தியக்காரத்தனம்தான்.

நாங்கள் ஓய்வு பெற்று வெகுநாள் ஆன பிறகு, சேகரிப்பவர்களின் விலைப்பட்டியலில் அந்தக் காசு வந்தது. ஊருக்குள் போன இரண்டும் கிடைத்துவிட்டன. முகம் தேய்ந்து மழுங்கிய அவற்றுக்கே ஒரு காரின் விலை. அத்தான் மகனுக்கு முப்பது வயது, சொந்த வீடு வாங்கும் கனவு. அப்பாவின் பெட்டியைக் குடைந்து காசை எடுத்தவன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டான். மறுவாரம் பத்திரிகையில் படம். தேயாத ஒரே காசு, அதனால் பத்து மடங்கு விலை என்று போட்டிருந்தார்கள். யார் பையிலும் புழங்காத காசு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு குழந்தைகூடக் கேட்குமே.

நாலாம் நாள் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. காசு அசலா போலியா என்று சொல்ல, அனுபவமுள்ள பரிசோதகராக அத்தான் வரவேண்டும். எனக்கும் ஒரு கடிதம். எதற்கு என்று அதில் இல்லை.

ஆலை அதிகாரியின் அறைக்குள் போனால் மகன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், முகத்தில் ஈயாடவில்லை. மேசைமேல் காசு. பக்கத்தில் பழைய எடைப் பதிவேடு, மூடியபடி. அதிகாரிக்கு எங்கள் உறவு தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சில்லறையில கிடைச்சதாம், இவர் சொல்றார்" என்றார் அவர். "போலின்னா கள்ளக்காசு கேஸ். இவர் உள்ள போகணும். அசல்னா வேற கேள்வி இருக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தான் தப்பிவிடுவார். சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லமாட்டாரோ என்றும் பயந்தேன், அதை மறைத்து என்ன பயன்.

அவர் காசைத் தொடவே இல்லை.

"அசல் சார். என் மேசைக்கு வந்தது. நான்தான் எடுத்தேன். பையனுக்கு ஒண்ணும் தெரியாது, அவன வீட்டுக்கு அனுப்பிடுங்க. அவன் மாமாவும் கூடப் போகட்டும்."

மகன் அழ ஆரம்பித்தான். அதிகாரி அவனைப் போகச் சொல்லிக் கதவைக் காட்டினார். நானும் சட்டென்று எழுந்தேன். அத்தானை விட்டுவிட்டுப் போக என் கால் அவ்வளவு வேகமாகக் கிளம்பும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார்.

"நீங்க இருங்க" என்றார் என்னிடம்.