ஒன்பது மணிக்கு நிற்க வேண்டிய தண்ணீர்

குதிரை குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் எப்படி இருக்கும் என்று அந்தக் குதிரைப் பண்ணை வேலையில் சேரும்வரை எனக்குத் தெரியாது. காலையில் ஊற்றியது மத்தியானத்துக்குள் ஆறிப்போன தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். புல், எச்சில், தவிடு, சில நாள் சாணமும். நம் ஊர் வெயிலில் ஒரு நாள் விட்டால் தொட்டிச் சுவர் வழவழக்கும். ஒரு வாரம் விட்டால் கொசுப்புழு நெளியும். தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் குதிரை சத்தம் போடாது. குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாம் கவனிக்கும்போது வயிறு கட்டிக்கொண்டிருக்கும். தினமும் தொட்டி தேய்ப்பது அதற்காகத்தான்.

பண்ணை சுங்கை பூலோவில், செடி விற்கும் நர்சரிகளையெல்லாம் தாண்டி உள்ளே இருந்தது. பதினோரு குதிரைகள், பதினோரு தொட்டிகள். நான் உயிரியல் படித்துவிட்டு, ஷா ஆலாமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏழு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பொறுக்காமல் வெளியே வந்தவள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போவேன். சேர்ந்த முதல் வாரமே தண்ணீருக்கு ஓர் அட்டவணை போட்டு, பிளாஸ்டிக் உறை ஒட்டித் தூணில் மாட்டினேன். எந்தத் தொட்டி எப்போது கொட்டுவது, எப்போது தேய்ப்பது, எப்போது நிரப்புவது என்று மூன்று நிறத்தில் எழுதியிருந்தேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு டாக்டர், ஆனா குதிரைங்களுக்குப் படிக்கத் தெரியாதே லா," என்றார். அன்றிலிருந்து நான் டாக்டர்.

அண்ணனுக்கு நாற்பது வயதுக்குப் பக்கம். பண்ணைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். என் அட்டவணையைக் கிண்டல் செய்வாரே தவிர, அதை மீறியதில்லை.

பதினொன்றில் ஒன்று வெள்ளைக் குதிரை. வயது இருபத்து நான்கு. அதை நாங்கள் பெரியவர் என்போம், அவர் இவர் என்றுதான் பேசுவோம். கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு மண்டபத்துக்குள் வருவது இப்போது ஒரு மோகமாகிவிட்டதால், பண்ணையிலேயே அதிகம் வெளியே போய்வருபவர் அவர்தான். மேளம், பட்டாசு, கைத்தொலைபேசி வெளிச்சம் எதற்கும் அசையமாட்டார். தண்ணீரில் மட்டும் பிடிவாதம். வெளியூர்த் தண்ணீரைத் தொடமாட்டார். அதனால் கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் பண்ணைத் தண்ணீரை இரண்டு நீலத் தோங்கில், மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து, வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். தோங்கைக் கழுவுவது என் வேலை. சவர்க்காரம் போட்டால் அந்த வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டுக் குலுக்கி, ஏழு தடவை அலசி, வெயிலில் கவிழ்த்து வைப்பேன். இவ்வளவு சுத்தம் பார்ப்பவர் தன் தொட்டியில் என்ன செய்வார் தெரியுமா? புல்லை வாய்நிறைய எடுத்து, தண்ணீரில் முக்கி, ஊறவைத்துச் சாப்பிடுவார். பண்ணையிலேயே அசிங்கமான தொட்டி அவருடையதுதான். அதை மட்டும் நாளைக்கு இரண்டு முறை தேய்ப்பேன்.

அந்த வாரம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க மூன்று நாள் தண்ணீர் நிறுத்தம் என்று அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து. திங்கள் சாயங்காலமே தோங், வாளி, தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடலாம் என்றார் அண்ணன். நான்தான் வேண்டாம் என்றேன். மூன்று நாள் இருக்கப்போகிற தண்ணீர். அதை வழவழப்பான தொட்டியில் பிடித்து வைத்தால் இரண்டாம் நாளே கெட்டுவிடும். விடியற்காலை வந்து எல்லாவற்றையும் தேய்த்து, எட்டரைக்குள் புதுத் தண்ணீர் நிரப்பிவிடுகிறேன், ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கிறதே என்று கணக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் அந்த ஒன்பது மணியை நம்புகிறாளே என்று நினைத்திருக்கலாம்.

செவ்வாய் ஐந்தரைக்கு வந்தேன். பதினோரு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். தண்ணீர் மண்ணில் ஓடி வடிகாலில் இறங்கியது. தேய்த்தேன். தொட்டிகளை அலச மேல்தொட்டித் தண்ணீரையும் பாதிக்கு மேல் செலவழித்தேன். மணி ஆறே முக்கால். குழாயைத் திறந்தேன். முதலில் இருமியது. பிறகு ஒரு குவளை அளவுக்கு வந்தது. பிறகு வெறும் காற்று.

பதினோரு தொட்டிகளும் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு சுத்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்கு மேலே இருந்த அந்தச் சின்ன மேல்தொட்டியில் மிஞ்சியதை வாளி வாளியாகப் பங்கு போட்டோம். பெரியவருக்கு அரை வாளி கிடைத்தது. மத்தியானத்துக்குள் அதுவும் தீர்ந்தது. சாயங்காலம் தண்ணீர் லோரி வந்தது. மற்ற பத்தும் முதலில் தயங்கி, மூக்கால் ஊதிப் பார்த்துவிட்டுக் குடித்தன. பெரியவர் வாளிக்குள் மூக்கை விட்டார், ரப்பர்க் குழாய் வாடையும் குளோரின் நெடியும் ஏறியிருக்க வேண்டும், மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். திறந்து வைத்து ஆறவிட்டுக் கொடுத்தோம். ஆப்பிள் சீவிப் போட்டோம். ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

புதன் மத்தியானம் ஆகியும் ஒரு மிடறு இறங்கவில்லை. சாணம் சின்னச் சின்ன உருண்டைகளாகக் காய்ந்து விழுந்தது. ஈறைத் தொட்டால் விரல் ஒட்டியது. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். வழக்கமாக வரும் சீனப் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசமாட்டார். வேறொரு பண்ணையில் இருப்பதாகவும், ஐந்தரைக்கு வருவதாகவும், அதற்குள் குடிக்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டியதுதான் என்றும் சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, போன முறை நடந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருந்தது. போன வருஷம் ஒரு தரம் குழாய் விட்டபோது, மூன்று பேர் பிடித்தும் பெரியவர் முட்டிபோட்டு விழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு முறை அவருடைய இதயம் தாங்குமா என்று தெரியாது என்று மருத்துவர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

நான் கவிழ்த்து வைத்த ஒரு தோங்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக வாளி தூக்கி விரல்கள் மடங்கவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், அதற்குக்கூடத் தெம்பில்லை. உட்கார்ந்திருந்தது எதன்மேல் என்று அப்போதுதான் உறைத்தது. பண்ணையில் நீலத் தோங் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

பத்து நாளைக்கு முன்னால் கிள்ளானில் ஒரு கல்யாணம். இரண்டு தோங் கொண்டுபோனோம், ஒன்றைத்தான் திறந்தோம். மற்றதை மண்டபத்துச் சமையல்கட்டு ஓரத்தில் வைத்தது நான். மறந்து வந்ததும் நான்.

பத்து நாள் தண்ணீர். என் அட்டவணைப்படி ஒரு நாளைத் தாண்டியது எதுவும் குதிரை வாயில் படக்கூடாது. அண்ணனிடம் சொன்னபோது அவர் அட்டவணையைப் பற்றிப் பேசவில்லை. "மூடி இருந்துச்சா? போயி எடுத்துட்டு வா," என்றார்.

மேரு வழியாகக் கிள்ளானுக்குப் போனேன். போர்ட் கிள்ளானுக்குப் போகும் கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவில், புகையும் வெயிலுமாக. மண்டபம் பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் இருக்கும் வீட்டில் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டி கதவைத் திறந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். தோங்கைப் பற்றிக் கேட்டதும், இருக்கிறதே, உள்ளே வா என்றார்.

அவர் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு முக்காலி மேல் எங்கள் தோங் உட்கார்ந்திருந்தது. மூடிமேல் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

"சாமி குடுத்த மாதிரி இருந்துச்சும்மா," என்றார் ஆன்டி. "நேத்துக் காலையில பைப்பத் தொறந்தா காத்து வருது. ஒன்பது மணின்னு சொன்னானுங்க, ஏழு மணிக்கே போச்சு. இதத் தொறந்து மோந்து பாத்தேன், ஒரு வாடை இல்ல. நேத்துலேருந்து சோறு, தேத்தண்ணி எல்லாம் இதுலதான்."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். "ஆன்டி, அது குதிரைக்குக் கொண்டு வந்த தண்ணி."

அவர் கையிலிருந்த கரண்டி நின்றது. "குதிர வாய் வச்சதா?"

"இல்ல ஆன்டி, மூடியே திறக்கல."

"அப்புறம் என்ன. எங்க வீட்டுத் தோங்கவிட சுத்தமா இருந்துச்சு. யாரு கழுவுனது?"

நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மேலெல்லாம் தவிடும் சேறுமாக நின்றேன். "தோங்க மட்டும்தான் கழுவுவியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்த வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் கழுவியது சுத்தமாக இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. குதிரைகள் சொல்லாது. அண்ணன் சொல்லமாட்டார். ஆனால் நான் கேட்க வந்தது அதையல்ல. தோங்கில் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருந்தது. அவர் வீட்டில் நான்கு பேர். அவர்கள் வீட்டு வரிசைக்குத் தண்ணீர் லோரி இன்னும் வரவில்லை. தோங் காலியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்க வேண்டியிருக்காது என்று தோன்றியது.

கேட்டேன். குடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று விசாரித்தார். குழாயைப் பற்றிச் சொன்னேன், போன வருஷத்து ரத்தத்தைப் பற்றியும்.

"மாப்பிள்ளய முதுகுல வச்சுக்கிட்டு, அந்த மோளச் சத்தத்துல அசையாம நின்னுச்சே, அதா?"

"அதுதான் ஆன்டி."

அவர் ஒரு தேத்தண்ணிக் கெத்தலும் ஒரு சின்னச் சட்டியும் எடுத்து நிரப்பிக்கொண்டார். நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல். பிறகு மூடியை இறுக்கித் தோங்கை என் பக்கம் தள்ளினார். சாயங்காலம் லோரி வரும் என்கிறார்கள், வரட்டும் என்றார். என் பையில் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தோங்கைக் கால்களுக்கு நடுவில் வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு மேட்டிலும் உள்ளே தண்ணீர் குலுங்குவது காலில் தெரிந்தது.

பண்ணைக்கு வந்தபோது நாலே முக்கால். பெரியவர் அதே சுவரைப் பார்த்து நின்றார். மூடியைத் திறந்து மோந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு கை அள்ளிக் குடித்தேன். பண்ணைக் குழாயின் இரும்புச் சுவை மட்டும்தான். வரும் வழியெல்லாம் விகிதம் போட்டு வைத்திருந்தேன். இத்தனை பங்கு பழையது, இத்தனை பங்கு லோரித் தண்ணீர், படிப்படியாக மாற்றுவது. அண்ணன் வாளியைப் பிடித்துக்கொண்டு, முதலில் கலக்காமல் கொடு என்றார். கலக்காமல் கொடுத்துத் தீர்ந்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்று வாதாட வாயெடுத்தேன். வாதாடி ஜெயித்து நான் கவிழ்த்த தொட்டிகள் கண்முன் இருந்தன. கலக்காமலே ஊற்றினேன்.

பெரியவர் மூக்கை இறக்கினார். ஊதினார். தண்ணீரின் மேல் வட்டம் விரிந்தது. பிறகு உதடு தொட்டது.

குதிரை குடிக்கும்போது வாயைப் பார்த்து ஒன்றும் தெரியாது, காதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மிடறுக்கும் காது பின்னால் போய் முன்னால் வரும். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். தாடையிலிருந்து சொட்டியது. நான் கால் பங்கு லோரித் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். பெரியவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி ஒரு வாய் புல்லை இழுத்துவந்து வாளிக்குள் முக்கினார்.

"ஊற வைக்கிறாரு," என்றார் அண்ணன் மெதுவாக. "அப்ப இது தன்னோட தண்ணின்னு முடிவு பண்ணிட்டாரு."

புல்லை மென்றுவிட்டு மறுபடி குடித்தார். பதினொன்று வரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

மருத்துவர் வந்தபோது ஐந்தே முக்கால். ஈறைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், குழாயைக் காரிலிருந்து இறக்கவே இல்லை. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அண்ணன் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "நேத்து விடியக்காலம் நீ தொட்டி கவுக்குற சத்தம் எனக்குக் கேட்டுச்சு டாக்டர்," என்றார். "எந்திரிச்சு வந்து நிறுத்தியிருக்கணும். தூக்கம் விடல."

வாளியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புல் தூளும் பச்சை நுரையும் மிதக்க, சரியாகத் தேத்தண்ணி நிறத்தில். வேறு நாளாக இருந்தால் அந்த நேரத்துக்குக் கொட்டித் தேய்த்திருப்பேன். எழுந்து போய் ஒரு மூடி தேடி எடுத்து வந்தேன். ஈ விழாமல் மூடி, அடுத்த கலப்புக்கு என்று பெரியவரின் லாயத்துக்கு வெளியே நிழலில் வைத்தேன்.