படகில் வராத நிறை

யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொன்னில் பிறந்த பவதாரணிக்கு இரத்தம் என்றால் ஆகாது. உயர்தர வகுப்பில் தவளையை அறுக்கும்போது மயங்கி விழுந்தவர் மருத்துவமனையிலேயே வேலைக்குப் போனதை அவருடைய தம்பி சுதன் இன்றும் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவருக்குக் கிடைத்த வேலையில் இரத்தத்துக்கு இடமில்லை. நோயாளி வீடு திரும்பியதும் அவருடைய சிகிச்சைக் கோவை மருந்தகத்துக்குப் பின்னாலுள்ள பதிவறைக்கு வந்து சேரும். வைத்தியர் எழுதிய நோயின் பெயரை உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீடாக மாற்றிக் கணினியில் ஏற்றுவதே பவதாரணியின் கடமை. தீவகத்தின் கர்ப்பிணிகள் பலர் அவருடைய கையைக் கடந்து போயிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவருடைய முகத்தையும் அவர் அறியார். கர்ப்பிணிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மகப்பேற்று விடுதியின் வாசலைக் கடக்க நேர்ந்தால் கால்கள் தாமாகவே விரைந்துவிடும்.

கர்ப்பகாலத்தில் தாயின் நிறை போதிய அளவு கூடாவிட்டால் அதற்குரிய குறியீடு ஓ 26.1. அதை இடுவதற்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. கோவையிலுள்ள எண்கள் எவ்வளவு குறைந்திருந்தாலும், வைத்தியர் அதனை ஒரு குறைபாடென்று சொல்லால் எழுதியிருக்க வேண்டும். எழுதாதபோது குறியீட்டாளர் தாமாக முடிவு செய்யலாகாது; வைத்தியரிடம் கேட்கலாம். கேட்பதற்காக விடுதிக்குப் போவதைப் பவதாரணி இயன்றவரை தவிர்த்தே வந்தார்.

அந்த மருத்துவமனையில் தனித்த வழக்கமொன்று இருந்தது. நெடுந்தீவிலிருந்து வரும் கர்ப்பிணிகள் படகில் வாந்தி வரும் என்று அஞ்சி முதல்நாள் மாலையே உணவை நிறுத்திவிடுவார்கள். அப்படியும் நடுக்கடலில் குடல் பிரட்டும். வாடி வதங்கி வந்து தராசில் ஏறும் அவர்களுடைய நிறை மெய்யான நிறையாகாது என்பதால், மருத்துவமாது நிலாந்தினி அந்த எண்ணின் அருகில் "கடல்" என்று சிறிதாக எழுதிவைப்பார். வைத்தியரும் அதைக் கண்டு வீணாகக் கலங்கமாட்டார். நல்ல வழக்கந்தான், பல தாய்மாரை வீண் பயத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

கடலைக் கொந்தளிக்கவைக்கும் சோளகக் காற்று உரத்து வீசிய ஆனி மாதத்தில், நெடுந்தீவைச் சேர்ந்த நிலுஜா வயிற்றுவலி என்று வந்து விடுதியில் இருந்துவிட்டு, வலி தணிந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். தலைப்பிள்ளை, பேற்றுக்குச் சில வாரங்களே இருந்தன. அவளுடைய கோவையில் வைத்தியர் சதீசன் வயிற்றுவலியை மட்டுமே எழுதியிருந்தார். நிறை முன்னைய மாதத்திலிருந்து அசையவில்லை. எண்ணின் அருகில் "கடல்" என்றிருந்தது. பவதாரணி வலிக்குரிய குறியீட்டை இட முனைந்தபோது, விட்டுச்சென்ற கிளினிக் அட்டையைத் தேடி அவளே பதிவறை வாசலில் வந்து நின்றாள். முழங்கைகள் கூர்த்திருந்தன. கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. அதற்குக் கீழே, வேறொருவருடையதைக் கடனாக வாங்கிக் கட்டியதுபோல வயிறு.

"படகு போயிருக்குமே பிள்ளை, இனி எப்பிடிப் போவீர்?"

"நான் படகில வரேல்லை அக்கா. சோளகம் துடங்கின உடனயே இவர் என்னைக் கொண்டுவந்து மண்கும்பானில மாமி வீட்டில விட்டிட்டார். ஓட்டோவிலதான் வாறனான்."

"கிளினிக்குக்குமோ?"

"ஓம்."

"நிறுக்கேக்க அதைச் சொல்லேல்லையோ?"

"அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை. நெடுந்தீவோ எண்டு கேட்டவை. ஓம் எண்டனான்."

பவதாரணி கோவையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னர் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு விடுதியை நோக்கி நடந்தார். இம்முறை கால்கள் வாசலைக் கடந்து ஓடவில்லை. வாசலில் அவரைக் கண்ட சதீசன் வியப்போடு நிமிர்ந்தார்.

"என்னக்கா, வழி மாறி வந்திட்டியளோ?"

"டொக்டர், இந்தப் பிள்ளை கடல் கடந்து வரேல்லை."

சதீசனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நிலுஜாவைத் திரும்ப நிறுத்தார்; வயிற்றை அளந்தார்; என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். அவள் தரையைப் பார்த்தபடி மெல்ல மெல்ல உண்மையைச் சொன்னாள். பிள்ளை பெருத்தால் வயிற்றை வெட்டித்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதால் ஒருநேரச் சோற்றை நிறுத்தியிருந்தாள். மற்ற நேரமும், மாமி வீட்டில் இரண்டாந்தரம் சோறு கேட்க வெட்கம்.

"நெடுந்தீவுக் குதிரையளே புல்லுத் தின்ன வெக்கப்படாதுகள், உமக்கென்ன வெக்கம்?" என்றார் நிலாந்தினி. பகடியாகத்தான் சொன்னார்; ஆனால் நிலுஜாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "கடல்" என்று எழுதியது அவருடைய கையல்லவா.

பிள்ளை வளர்கிறதா, வளர்ச்சி நின்றுவிட்டதா என்பதே இப்போது கேள்வி. சதீசன் சிறிய கருவி ஒன்றை வயிற்றில் வைத்து இடம் மாற்றி மாற்றித் தேடினார். முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, கரைக்கு அப்பால் விரையும் இயந்திரப் படகைப்போல, ஓயாத வேகத்தோடு ஓர் ஒலி அறையை நிறைத்தது.

பவதாரணி ஒலி வந்த பக்கம் ஓரடி நெருங்கினார். கருவின் இதயத்துடிப்பு என்ற சொற்றொடரை எத்தனையோ கோவைகளில் படித்திருக்கிறார். அதற்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நினைத்ததில்லை. உள்ளே இருந்துகொண்டு, யாரும் பார்க்காதபோதும், தாய் பட்டினி கிடந்தபோதும், அது இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இந்த எலும்புக்குள்ளயிருந்து எதை எடுத்து வளருது டொக்டர்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இருக்கிறதையெல்லாம் எடுக்கும் அக்கா. தாய் தனக்கெண்டு ஒளிச்சு வைக்க ஏலாது."

அன்றே நிலுஜா மீண்டும் விடுதியில் சேர்க்கப்பட்டாள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி எடுத்த ஸ்கானில், பிள்ளை சிறிதென்றாலும் வளர்ச்சி நிற்கவில்லை என்றும், கவனமாகப் பார்த்து ஊரிலேயே பேறு நடத்தலாம் என்றும் சொன்னார்கள். செய்தி அறிந்த மாமி கிறேசம்மா, தன் வீட்டிலிருந்தவள் பட்டினி கிடந்தாள் என்று தீவெல்லாம் கதைக்கப்போகிறதே என்று முதலில் புலம்பினார். பின்னர் மீன்குழம்பும் முட்டையும் கீரையுமாக மூன்று வேளையும் வந்து, பாத்திரம் ஒழியும்வரை கட்டிலருகே கதிரையை விட்டு எழும்பமாட்டார். முன்னைய கோவையில் சதீசன் தம் கையால் நிறைக்குறைவை எழுதி ஒப்பமிட்டார். பவதாரணி ஓ 26.1 என்று ஏற்றினார். அத்தோடு அவருடைய கடமை முடிந்திருந்தது. எனினும் நாள்தோறும் வேலை முடிந்ததும் அவர் விடுதிப்பக்கம் போனார். நிலுஜாவின் கன்னத்தில் மெல்லச் சதை பற்றியது.

பேறு ஒரு நண்பகலில் நடந்தது. பவதாரணி கிறேசம்மாவோடு கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே கேட்ட முனகல்கள் தேய்ந்து, பொறுக்கமுடியாத அமைதி ஒன்று வந்தது. அதைக் கிழித்துக்கொண்டு மெல்லிய, கோபங்கொண்ட அழுகை எழுந்தது. கிறேசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். கதவு திறந்தபோது நிலாந்தினியின் கைகளில் பெண் குழந்தை. உடலில் இன்னும் இரத்தக்கறை. பவதாரணிக்குத் தலை சுற்றவில்லை. அந்தக் கறையும் கண்ணில் படவில்லை. வாசலருகே இருந்த தராசில் கிடத்தப்பட்ட அந்தச் சிற்றுயிர், மெலிந்த கால்களை உதைத்து, வெளிச்சத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. அரைச்சோற்றில் முளைத்த விரல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நகம்.

நிலாந்தினி நிறையை உரக்கச் சொன்னார், பயமில்லை என்றும் சொன்னார். "பயமில்லை" என்பது மட்டுமே பவதாரணியின் காதில் விழுந்தது. எண்ணை மறுநாள் போய்க் கேட்டுத்தான் அவர் கணினியில் ஏற்றவேண்டியிருந்தது.