குடல் இல்லாத புழுக்களோடு கோவைக்கு

1998, பிப்ரவரி கடைசி வாரம். காலை எட்டேகாலுக்குக் கரூரில் இறங்கிக் கோவைப் பேருந்துக்கு மாறினேன். சீட்டு இருபத்தாறு ரூபாய். மடியில் ஈரத்துணி சுற்றிய பிளாஸ்க். உள்ளே, நாகப்பட்டினத்துக் கடற்கரை மணலில் மூன்று நாள் சலித்தெடுத்த புழுக்கள், கடல்நீரோடு.

ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவுகூட இராது. வாய் உண்டு, குடல் இல்லை. விழுங்கிய இரையை உட்சதையே சூழ்ந்து கரைத்துக்கொள்ளும். இவை தட்டைப்புழுக்களில் குடல் தேய்ந்துபோன இனமா, இடம் வலம் என்று உடல் அமைந்த விலங்குகளில் முதலில் பிரிந்த கிளையா என்பது தீராத வழக்கு. என் ஆய்வும் அதுதான். வெயில் ஏறினால் புழுக்கள் செத்துவிடும்.

அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. கோவையில் குண்டுகள் வெடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

வெள்ளகோவிலில் ஏறிய ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங் அம்மணி, காப்பிங்களா?"

"இல்லைங்க, கடல் தண்ணி."

அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்தே முக்காலுக்கு, பல்லடம் தாண்டியதும் போலீஸ் சோதனை. காவலர் ஏறியதுமே அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "சார், இந்தப் புள்ளகிட்ட என்னமோ இருக்குதுங்க. மடிய உட்டு எறக்கவே மாட்டீங்குது."

நொடியில் பேருந்து காலியானது. என்னைச் சோளக்காட்டு ஓரம் தனியே நிற்க வைத்தார்கள். இருபதடி தள்ளி நின்று காவலர் கத்தினார்: "தொறந்து எல்லாத்தையும் கீழ கொட்டும்மா!"

"கொட்டுனா உள்ள இருக்கற புழுவெல்லாம் செத்துப்போயிருங்க சார். நானே குடிச்சுக் காட்டறனுங்க."

மூடியைத் திருகிக் கழற்றினேன். அதிலேயே ஊற்றிக் குடித்தேன். உப்பு தொண்டையை அறுத்தது. எத்தனை புழுக்கள் உள்ளே போயினவோ! காவலர் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார். அவர் நெற்றியும் வேர்த்திருந்தது. "போங்கம்மா," என்றார். "எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

பேருந்து கிளம்பியதும் அந்த அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "பயந்துபோட்டனுங்க கண்ணு. எம்மக கோயமுத்தூர்லதான் கடைல வேலைக்கு இருக்கறா. இன்னிக்குத்தான் பாக்கப் போறனுங்க."

கோபம் வரவில்லை. வாங்கிக் குடித்தேன்.

பன்னிரண்டரைக்குக் கல்லூரி ஆய்வகம். லென்ஸுக்கடியில் பத்தொன்பது புழுக்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அழுகை வந்தது. தெருவில் யாரோ கடையின் ஷட்டரைச் சடாரென்று இழுத்தார்கள். மறுகணம் மேசைக்கடியில் குந்தியிருந்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆளில்லாத கடற்கரையில் மூன்று நாள் தனியே அலைந்தவள் நான். மணி நான்காகியும், நான் தினமும் வீட்டுக்குப் போகும் டவுன் பேருந்தில் ஏற எனக்குத் துணிவு வரவில்லை.